சர்குலர் சா வாங்கியாச்சு, முதல் பிளைவுட்டை எப்படி அறுப்பது?

வீட்டுக்கு ஒரு புத்தக அலமாரியோ செருப்பு ஸ்டாண்டோ நாமே செய்து பார்ப்போமே என்று இறங்குகிறவர்கள் முதலில் டிரில் வாங்குவார்கள், அடுத்ததாக அநேகமாக சர்குலர் சா, அதாவது வட்ட பிளேடைச் சுற்றவிட்டு மரம் அறுக்கும் கை மெஷின். டிரில்லில் கை தவறினால் சுவரில் ஓட்டை கோணலாகப் போகும், பட்டி வைத்து அடைத்துவிடலாம். சர்குலர் சாவில் அந்தச் சலுகை கிடையாது. ஏழேகால் அங்குல பிளேடு நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல் ஓடுகிறது, கணக்குப் போட்டால் பல்லின் நுனி மணிக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. முறையாகப் பழகிவிட்டால் எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஷீட்டை ஒற்றை ஆளாகவே வேண்டிய அளவுக்குத் துண்டு போட்டுக்கொள்ளலாம், கடைக்காரரிடம் கெஞ்ச வேண்டாம்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் பயப்படுவது கை பிளேடில் பட்டுவிடுமோ என்றுதான். இரண்டு கையும் இரண்டு கைப்பிடியில் இருக்கும்வரை கை அங்கே போக வழியில்லை. நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அறுத்துக்கொண்டிருக்கும்போதே மரம் தொய்ந்து, அறுத்த இடைவெளி மூடி, பிளேடை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். மோட்டாருக்கு அது தெரியாது, அது சுற்றத்தான் பார்க்கும், சுற்ற முடியாத வேகம் அத்தனையும் மெஷினைத் தூக்கி உங்கள் பக்கமாக எறியும். ஆசாரிமார் இதை ‘மெஷின் உதைக்குது’ என்பார்கள், யூடியூப் பார்த்துப் பழகியவர்கள் கிக்பேக் என்பார்கள். அதனால் இங்கே நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி ஸ்விட்சை அழுத்துவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. மரம் ஒழுங்காகப் படுத்திருந்தால் அறுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கோபம் வரலாம். நம் ஊரில் பல இடங்களில் மரம் அறுக்கப் பயன்படுத்துவது சர்குலர் சாவே இல்லை, டைல்ஸ் போடுகிறவர்கள் வைத்திருக்கும் நாலு அங்குல மார்பிள் கட்டர். அதில் கல் பிளேடைக் கழற்றிவிட்டு மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டி ஓட்டுகிறார்கள். விலை குறைவு, எடை குறைவு, எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மெஷின் 12,000, 13,000 சுற்று வேகத்தில் ஓடுவது, கல்லைத் தேய்த்து அறுப்பதற்காகச் செய்தது. பல் இல்லாத வைர பிளேடுக்குப் பாதி மூடி போதும் என்று விட்டிருக்கிறார்கள், பிளேடின் கீழ்ப்பாகத்தை மூட எதுவும் கிடையாது. பல மாடல்களில் ஸ்விட்சை அழுத்திப் பூட்டிவிடும் பட்டனும் உண்டு, கையை விட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். பல் பிளேடு, மூடி இல்லை, கை விட்டாலும் நிற்காது. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. வருஷக்கணக்கில் அதிலேயே வேலை பார்க்கும் ஆசாரிகள் இருக்கிறார்கள், அவர்கள் கை அனுபவம் வேறு. புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

வாங்க வேண்டியது ஏழேகால் அங்குலம், அதாவது 184 அல்லது 185 மில்லிமீட்டர் பிளேடு போடும் சர்குலர் சா. 1,100 முதல் 1,400 வாட் வரை இருக்கும், நேராக அறுத்தால் 60 மில்லிக்கு மேல் ஆழம் போகும், 45 டிகிரி சாய்த்தால் சுமார் 45 மில்லி. வீட்டு வேலைக்கு இது தாராளம். கடையில் வாங்கும்போதே பெட்டியைப் பிரித்து ஒரு காரியம் செய்யுங்கள்: பிளேடின் கீழ்ப்பாதியை மூடியிருக்கும் ஸ்பிரிங் மூடியை அதன் சின்ன லீவரைப் பிடித்து முழுக்கப் பின்னால் இழுத்து விடுங்கள். ‘டக்’ என்று தானாக வந்து மூட வேண்டும். மெதுவாக யோசித்து யோசித்து வந்தாலோ, பாதியில் நின்றாலோ வேறு பெட்டியைக் கேளுங்கள்.

இந்தக் கீழ் மூடியைத்தான் நம் ஆட்கள் கம்பி போட்டோ ஆப்பு செருகியோ தூக்கிக் கட்டிவிடுவார்கள். ‘கோடு தெரிய மாட்டேங்குது சார், இடைஞ்சலா இருக்கு’ என்பதுதான் காரணம். மூடி கட்டியிருக்கும் மெஷினை அறுத்து முடித்துக் கீழே வைத்தால், இன்னும் ஓய்ந்து நிற்காத பிளேடு தரையைக் கடித்துக்கொண்டு ஓடும், அந்த வழியில் உங்கள் கால் இருக்கும். கட்டாதீர்கள். வேறு யாராவது கட்டிக் கொடுத்த மெஷினை வாங்கி ஓட்டவும் ஓட்டாதீர்கள்.

பிளேடில் கஞ்சத்தனம் வேண்டாம்

மெஷினோடு வரும் பிளேடு பெரும்பாலும் 24 பல் உள்ளது. சட்டம், பலகை, ரீப்பர் (மெல்லிய நீளக் கட்டை) அறுக்க அது போதும், வேகமாகப் போகும், விளிம்பு கொஞ்சம் முரடாக இருக்கும். பிளைவுட்டுக்கு 40 பல் பிளேடு ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். மைக்கா ஒட்டிய ஷீட், பிரீலேமினேட் போர்டு என்றால் 60 பல் இன்னும் சுத்தமாக வரும், ஆனால் மெதுவாகத்தான் தள்ள முடியும். 60 பல் பிளேடை வைத்துக்கொண்டு தடித்த மரத்தை நீளவாக்கில் அறுக்கப் போனால் மரம் கருகும், மோட்டார் சூடாகும்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். விட்டம் உங்கள் மெஷினுக்கு உரியதா, நடு ஓட்டை ஒத்துப்போகிறதா, பிளேடில் எழுதியிருக்கும் அதிகபட்ச வேகம் மெஷினின் வேகத்தைவிட அதிகமா. இந்த மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை, அதுதான் முக்கியம்.

மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்டுங்கள். ஸ்விட்சை ஆஃப் செய்தால் போதாது, பிளக் உங்கள் கண் முன்னால் கிடக்க வேண்டும். பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியைக் கழற்றி மேசையில் வையுங்கள். பிளேடில் ஒரு அம்புக்குறி இருக்கும், மெஷினின் மூடியிலும் ஒன்று இருக்கும், இரண்டும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். முன்பக்கப் பற்கள் கீழிருந்து மேலாக அறுத்து வருகிற மாதிரி அமையும். போல்ட்டைக் கழற்ற எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்பினால், பிளேடு சுற்றும் திசையிலேயே திருப்பினால் பெரும்பாலும் கழலும், எதிர்த்திசையில் இறுகும். ஓட ஓடத் தானே இறுகும்படி அப்படி வைத்திருக்கிறார்கள்.

உடை, கரண்ட், அக்கம் பக்கம்

லுங்கி, வேட்டி, தோளில் துண்டு, துப்பட்டா, தொளதொள முழுக்கை, கழுத்துச் சங்கிலி, கைக்கயிறு, எதுவும் வேண்டாம். அரைக்கைச் சட்டை, பேண்ட், கால் முழுக்க மூடும் ஷூ. ஹவாய் செருப்போடு இந்த மெஷினைத் தொடாதீர்கள். துணிக் கையுறையும் வேண்டாம், நூல் பிரிந்து பிளேடில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணுக்குப் பக்கவாட்டும் மூடும் பிளாஸ்டிக் கண்ணாடி கட்டாயம், பவர் கண்ணாடி அதற்கு ஈடாகாது. காதில் பஞ்சு வைத்தால் பிரயோசனமில்லை, நுரை இயர் பிளக் வாங்குங்கள், சத்தம் அப்படி.

மூக்குக்கு என்95 மாஸ்க். கர்சீப் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பிளைவுட்டிலும், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் போர்டிலும் தூளோடு பசையும் சேர்ந்து பறக்கும். கூடியவரை காற்றோட்டமான இடத்தில் அறுங்கள்.

1,200 வாட் மெஷின் 230 வோல்ட்டில் ஐந்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும், கிளம்பும்போது இன்னும் அதிகம். ஹாலில் டிவிக்குப் போட்டிருக்கும் சின்ன பாயிண்டில் மெல்லிசு ஒயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி ஓட்டினால் ஒயர் சூடாகும், வோல்ட்டேஜ் இறங்கும், மெஷின் திணறும். 16 ஆம்ப் பவர் பாயிண்டில் இருந்து, 1.5 சதுர மில்லி செம்பு ஒயர் போட்ட எக்ஸ்டென்ஷன் எடுங்கள், சுருட்டி வைத்திருந்தால் முழுக்கப் பிரித்துவிடுங்கள். வீட்டு மெயின் போர்டில் கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி ஸ்விட்ச் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் போடுவதற்கு இது நல்ல சாக்கு. ஒயரைத் தோள் மேல் போட்டு முதுகுப்புறம் விட்டுக்கொள்வது பழைய பழக்கம், நல்ல பழக்கம். அறுக்கும் பாதைக்கு முன்னால் ஒயர் கிடக்கவே கூடாது.

வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது வேலை செய்யுங்கள், சின்னப் பிள்ளைகள் இருந்தால் கதவைச் சாத்திவிடுங்கள். அந்த இன்னொருவருக்கு இரண்டு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆழமான வெட்டு என்றால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைத்துக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கூடவே கொண்டுபோக வேண்டும். நேரடியாக ஐஸில் போடக் கூடாது, திசு செத்துவிடும். படிக்க நன்றாக இல்லைதான், ஆனால் பதற்றத்தில் யோசித்துக்கொண்டு நிற்கிற விஷயம் இல்லை இது.

மரத்தைப் படுக்க வைப்பது

இதுதான் முக்கியம், இங்கே நிதானமாகப் படியுங்கள்.

எட்டுக்கு நாலு ஷீட், 19 மில்லி என்றால் 30 கிலோவுக்கு மேல் இருக்கும். புதியவர்கள் சாதாரணமாகச் செய்வது, இரண்டு ஸ்டூலை இரண்டு ஓரத்திலும் போட்டு, ஷீட்டைப் பாலம் போட்ட மாதிரி அதன் மேல் கிடத்தி, நட்ட நடுவில் அறுப்பது. முதல் ஒரு அடி அழகாகப் போகும். பாதி தாண்டியதும் என்ன நடக்கிறது? இரண்டு பாதியும் தன் எடையில் நடுவை நோக்கித் தொய்கிறது, அறுத்த இடைவெளியின் மேல் விளிம்புகள் ஒன்றை ஒன்று நெருங்குகின்றன, பிளேடு அந்த இடுக்கில் இருக்கிறது. முன்னே சொன்ன உதை இங்கேதான் வரும். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கையால் சமாளிக்க முடியாது.

சுலபமான வழி, தரையிலேயே போடுங்கள். ரெண்டு அங்குலத்துக்கு ஒரு அங்குல ரீப்பர் நாலு வாங்கி ஷீட் நீளத்துக்குச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். அறுக்கப்போகும் கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. கோட்டை ஒட்டி இருக்கும் இரண்டு ரீப்பரும் கோட்டில் இருந்து மூன்று நாலு அங்குலம் தள்ளி, மற்ற இரண்டும் ஓரங்களுக்குக் கொஞ்சம் உள்ளே. இப்படிப் போட்டால் அறுத்து முடித்த பிறகும் இரண்டு துண்டும் அதனதன் இடத்தில் அசையாமல் படுத்திருக்கும், விழுவதற்கும் ஒன்றுமில்லை, மூடுவதற்கும் ஒன்றுமில்லை. ஷீட்டை லேசாக அழுத்திப் பாருங்கள், எந்த மூலையும் ஆடக் கூடாது. ஆடினால் அட்டைத் துண்டை மடித்து அடியில் கொடுங்கள்.

இதைவிடச் சுகம் வேண்டுமென்றால் இரண்டு அங்குலத் தெர்மகோல் ஷீட், கெட்டியான ரகம். பிளைவுட்டை அதன் மேல் முழுக்கக் கிடத்தி, பிளேடு தெர்மகோலையும் சேர்த்து நாலைந்து மில்லி கீறிக்கொண்டு போகட்டும். எந்தத் திசையில் அறுத்தாலும் அடியில் தாங்கல் இருக்கும். வெள்ளைப் பொடி பறப்பது ஒன்றுதான் தொல்லை, மொட்டை மாடியில் காற்று அடித்தால் அடுத்த வீட்டுக்காரரும் சொல்லிக்காட்டுவார். முட்டி போட்டு வேலை செய்வது முடியாது என்கிறவர்கள் மேசை மேல் தெர்மகோலைப் போட்டுக்கொள்ளலாம், மேசை ஷீட்டைவிடச் சின்னதாக இருந்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு கடைசியில் முறிந்து விழும், அதற்கும் தாங்கல் கொடுக்க வேண்டும்.

ஓரத்தில் சின்னதாக ஒரு துண்டு, ஐந்தாறு அங்குலம் மட்டும் வெட்டி எடுக்கிறீர்கள் என்றால் கதை வேறு. அப்போது அந்தச் சின்னத் துண்டு வெளியே நீட்டிக்கொண்டு, அறுந்ததும் சும்மா கீழே விழட்டும். அது கீழ்நோக்கித் தொங்கினால் இடைவெளி விரியுமே தவிர மூடாது. இரண்டு பக்கமும் தாங்கு, அல்லது ஒரு பக்கத்தைச் சுதந்திரமாக விழ விடு. இந்த இரண்டில் ஒன்று. இரண்டு ஓரத்தில் மட்டும் தாங்கி நடுவில் அறுப்பது எந்தக் காலத்திலும் கூடாது.

சிலர் உதவிக்கு ஆளை வைத்துக்கொண்டு அறுந்து வரும் துண்டைத் தூக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அவர் கொஞ்சம் அதிகம் தூக்கினாலே இடைவெளி மூடிவிடும். ஆள் பிடிப்பதைவிட ரீப்பர் பிடிப்பது மேல்.

ஆழம் வைப்பது

பிளக் பிடுங்கிய நிலையில் மெஷினை ஷீட்டின் ஓரத்தில் வைத்து, கீழ் மூடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஆழ லீவரைத் தளர்த்தி, பிளேடு மரத்துக்குக் கீழே ஒரு நூல் முதல் இரண்டு நூல் வரை, அதாவது மூன்று முதல் ஆறு மில்லி மட்டும் தெரியும்படி வைத்து இறுக்குங்கள். 19 மில்லி பிளைவுட்டுக்கு 24 மில்லி. முழு 60 மில்லியும் இறக்கி வைத்துக்கொண்டு அறுத்தால் சீக்கிரம் முடியும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. முடியாது. மரத்துக்குள் இருக்கும் பிளேடின் அளவு கூடும், கவ்வினால் உதை பலமாகும், அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒன்றரை அங்குல பிளேடு ரீப்பரையும் ஒயரையும் தேடிக்கொண்டு போகும்.

கோடும் கைடும்

பல் மேல்நோக்கி அறுப்பதால் பிசிறு மேல் முகத்தில்தான் வரும். எனவே பார்வைக்கு வரப்போகும் நல்ல முகம் கீழே, கோடு போடுவது பின்முகத்தில். அறுக்கும் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் பென்சில் கோடு போட்டால் பிசிறு இன்னும் குறையும். பிளேடுக்கு இரண்டு மில்லி அளவுக்குத் தடிமன் உண்டு, அது தின்னும் மரம் கழிவுப் பக்கமாக இருக்க வேண்டும், அளவுப் பக்கமாக அல்ல. எந்தப் பக்கம் கழிவு என்று அங்கேயே ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். அறுக்கும் நேரத்தில் நினைவில் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

எட்டடி நீளத்தைக் கண் பார்வையில் நேராக அறுப்பது பழகிய கைக்கே கஷ்டம். வழி கோணியதும் புதியவர் செய்வது மெஷினைத் திருகித் திருப்பப் பார்ப்பது, திருகினால் பிளேடு இடைவெளிக்குள் முறுக்கிக்கொள்ளும், மறுபடி உதை. அதனால் கைடு வைத்துத்தான் அறுக்க வேண்டும், அது நேர்த்திக்கு மட்டும் இல்லை. அலுமினியம் செவ்வகக் குழாய் ஒன்றை இரண்டு ஓரத்திலும் சி கிளாம்ப் போட்டு இறுக்கினால் அதுவே கைடு. மெஷினின் அடித்தட்டு விளிம்பில் இருந்து பல் வரை உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அது 120 மில்லி என்று வைத்துக்கொண்டால், 600 மில்லி அகலத் துண்டு வேண்டுமானால் கைடின் விளிம்பு 480-இல் நிற்க வேண்டும். மோட்டார் இருக்கும் அகலமான பக்கம் நன்றாகத் தாங்கல் உள்ள துண்டின் மேல் வர வேண்டும்.

ஒவ்வொரு முறையும் இந்தக் கழித்தல் கணக்குப் போடுவது எரிச்சல் என்றால் ஒரு தடம் செய்துகொள்ளலாம், இது உண்மையிலேயே பெரிய வரப்பிரசாதம். ஆறு மில்லி பிளைவுட்டில் ஓர் அடி அகலம், எட்டடி நீளத்தில் ஒரு பட்டை. அதன் ஒரு பக்க ஓரமாக, 12 மில்லி பிளைவுட்டில் மூன்று அங்குல அகலப் பட்டை ஒன்றைப் பெவிகால் தடவி ஸ்குரூ போட்டு ஒட்டுங்கள், கம்பெனியிலிருந்து வந்த நேர் விளிம்பு உள்பக்கம் பார்க்கட்டும். பெவிகால் காய்ந்ததும் மெஷினின் அடித்தட்டை அந்த நேர் விளிம்பில் ஒட்டி ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள். ஆறு மில்லிப் பட்டையில் மிச்சமிருந்த ஓரம் அறுந்து விழும். இனி அந்த அறுந்த விளிம்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிளேடு போகும். பென்சில் கோட்டில் விளிம்பை வைத்துக் கிளாம்ப் போட்டால் முடிந்தது, கணக்கு வேண்டாம். ஆழத்தில் மட்டும் ஆறு மில்லி கூட்டிக்கொள்ள வேண்டும். வேறு அளவுப் பிளேடு போட்டால் தடத்தையும் வேறு செய்ய வேண்டும்.

எந்தக் கைடு வைத்தாலும், ஓடாத மெஷினை ஒரு முறை தொடக்கத்தில் இருந்து கடைசி வரை தள்ளிப் பாருங்கள். ஒயர் போதுமா, மோட்டார் கிளாம்ப் தலையில் இடிக்கிறதா, கடைசியில் கால் வைக்க இடம் இருக்கிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

இப்போது அறுக்கலாம்

கோட்டுக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாகத் தள்ளி நில்லுங்கள், அல்லது முட்டி போடுங்கள். உதைத்தால் மெஷின் வரும் பாதை அந்தக் கோடுதான். அடித்தட்டின் முன்பகுதியை மரத்தின் மேல் சமமாக உட்கார வையுங்கள், பிளேடு மரத்தைத் தொடாமல் ஒரு விரல்கட்டை தள்ளி இருக்கட்டும். இரண்டு கையாலும் பிடியுங்கள். ஸ்விட்சை அழுத்தி, முழு வேகம் வரும்வரை பொறுங்கள், சத்தம் ஏறி ஒரே சீராக வந்ததும் மெதுவாகத் தள்ளுங்கள்.

எவ்வளவு வேகமாகத் தள்ளுவது? காதுதான் சொல்லும். மோட்டார் சத்தம் இறங்கினால் வேகம் அதிகம். சத்தம் இறங்கவில்லை, ஆனால் கருகல் வாசனை வருகிறது என்றால் தயங்கித் தயங்கிப் போகிறீர்கள், அல்லது பிளேடு மழுங்கிவிட்டது. இடையில் நிற்காத, அவசரமில்லாத ஒரே ஓட்டம்.

கடைசி அரை அடியில்தான் பலரும் பார்வையை எடுத்துவிடுவார்கள். துண்டு பிரியும் வரை அதே வேகம், அதே பிடி. பிரிந்ததும் ஸ்விட்சை விட்டுவிட்டு மெஷினை அங்கேயே பிடித்திருங்கள். ஒயர் மெஷின் பலவற்றில் பிரேக் கிடையாது, ஸ்விட்சை விட்ட பிறகும் சில நொடி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். நின்ற பிறகு, கீழ் மூடி மூடிக்கொண்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு, கீழே வையுங்கள்.

நடுவில் ஏதாவது சரியில்லை, கோட்டை விட்டு விலகிவிட்டது, பிளேடு இறுகுகிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்றால் ஒரே பதில்தான்: ஸ்விட்சை விடு, அசையாமல் பிடி, நிற்கும்வரை காத்திரு. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைப் பின்னால் இழுக்காதீர்கள், பின்பக்கப் பற்கள் மரத்தைக் கடித்து மெஷின் மேலே ஏறிவிடும். நின்ற பிறகு மெஷினை வெளியே எடுத்து, பிளக்கைப் பிடுங்கி, ஏன் இறுகியது என்று அடியில் குனிந்து பாருங்கள், அநேகமாக ஒரு ரீப்பர் நகர்ந்திருக்கும். விட்ட இடத்தில் இருந்து தொடர, அறுத்த இடைவெளிக்குள் இரண்டு அங்குலம் பின்னால் வைத்து, பல் எதையும் தொடாமல் இருக்கிறதா பார்த்து, அதன் பிறகு ஸ்விட்ச். தாண்டி வந்த இடைவெளியில் இரண்டு மில்லித் தடிமனுக்குச் சின்ன ஆப்பு ஒன்றைச் செருகிவிட்டால் மூடாது.

பிளைவுட் தவிர மற்றவை

சட்டம், ரீப்பர் அறுக்கும்போது தப்பு நடப்பது சோம்பேறித்தனத்தால். ஒரு கையால் சட்டத்தைப் பிடித்து, காலால் மிதித்து, இன்னொரு கையால் மெஷினை ஓட்டுவது தெருவுக்குத் தெரு பார்க்கிற காட்சி. சட்டத்தை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், கிளாம்ப் போட முடியாத அளவுக்குக் குட்டித் துண்டு என்றால் கைரம்பத்தை எடுங்கள். ஒரு அடிக்குக் குறைவான துண்டை இந்த மெஷினில் அறுக்க நினைக்காமல் இருப்பது நல்லது. மூலைமட்டத்தைச் சட்டத்தில் அணைத்துப் பிடித்து அதையே கைடாக வைத்துக் குறுக்கே அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது கை பழகிய பிறகு. ஆரம்பத்தில் மூலைமட்டத்துக்குப் பதில் கிளாம்ப் போட்ட கட்டை.

பழைய நிலை, ஜன்னல், பெட்டி மரம் என்றால் முதலில் ஆணி தேடுங்கள். ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தை மேலே நகர்த்தினாலே காட்டிக்கொடுத்துவிடும். தலை உடைந்த ஆணி உள்ளே இருந்தால் பல் தெறிக்கும், அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஈர மரமும் வேண்டாம். நீளவாக்கில் அறுக்கும்போது உள்ளே அடங்கியிருந்த முறுக்கு விடுபட்டு மரம் தானாகவே வளைந்து இடைவெளியை மூடும், எவ்வளவு தாங்கல் கொடுத்திருந்தாலும். வேம்பு, தேக்குப் பலகையிலும் இது நடப்பதுண்டு, அதனால் ஓரடி போனதும் நிறுத்தி ஆப்பு செருகிக்கொண்டே போங்கள். சாய்த்து அறுப்பதும், பலகையின் நடுவில் பிளேடை இறக்கி ஜன்னல் மாதிரி வெட்டி எடுப்பதும் இப்போதைக்கு வேண்டாம். நடுவில் இறக்குவதற்குக் கீழ் மூடியைக் கையால் தூக்க வேண்டும், அதற்கு ஜிக்சா என்று தனி மெஷின் இருக்கிறது.

வேலை முடிந்ததும்

பிளக்கைப் பிடுங்கி, ஒரு பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் கீழ் மூடிக்குள் அடைந்த தூளைத் தட்டுங்கள். மூடி மெதுவாக மூடுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தத் தூள்தான், ஸ்பிரிங் இல்லை. எண்ணெய் விடாதீர்கள், தூளோடு சேர்ந்து களிம்பாகிவிடும். பிளேடில் பழுப்பாகப் பிசின் ஏறியிருந்தால் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துக் காயவையுங்கள். மழுங்கிவிட்டது என்று தூக்கிப் போட்ட பிளேடு பல நேரம் பிசின் ஏறிய பிளேடாகத்தான் இருக்கும். நிஜமாகவே மழுங்கியிருந்தால் கார்பைடு பல்லை வைரச் சக்கரத்தில் தீட்டிக் கொடுக்கும் கடைகள் பெரிய ஊர்களில் உண்டு, தெருவில் கத்தி சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்தால் வேலைக்கு ஆகாது. நல்ல பிளேடாக இருந்தால் தீட்டலாம், மலிவு பிளேடு என்றால் புதிதே வாங்கிவிடலாம், கூலிக்கும் விலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒரு பல் உடைந்திருந்தாலும் வட்டில் விரிசல் தெரிந்தாலும் தீட்டக் கொடுக்க வேண்டாம், சுத்தியால் அடித்து வளைத்துவிட்டுப் பழைய இரும்புக்குப் போடுங்கள். வளைக்காமல் போட்டால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.